முதலில் ஒரு முகவரி

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளையின் வீட்டில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் கல்லூரியையே சுற்றி வரும். எந்தப் பல்கலைக்கழகம், தரவரிசையில் எத்தனையாவது இடம், பாடம் ஆங்கிலத்திலா, கட்டணம் உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாக அலசுவார்கள். ‘அங்கே படிப்பு இலவசம்’ என்ற ஒரு பதிலில் பெற்றோருக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். தங்குவது எங்கே என்ற கேள்வி, விசா கைக்கு வந்து விமான டிக்கெட்டும் எடுத்த பிறகுதான் எழுகிறது. ‘போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அதையும் ஒத்திப்போட்டு விடுகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கருத்து. ஜெர்மனியில் ஒரு வெளிநாட்டு மாணவரின் செலவையும் தூக்கத்தையும் தேர்வு மதிப்பெண்ணையும்கூட வகுப்பறையைவிட அதிகமாகத் தீர்மானிப்பது அவர் குடியிருக்கும் அறை. அந்த அறை எந்த ஊரில் கிடைக்கும், என்ன வாடகைக்குக் கிடைக்கும் என்பதைப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் போடும்போதே பார்த்துவிட வேண்டும்.

இது சிலருடைய பிரச்சினை மட்டும் என்று தள்ளிவிட முடியாது. ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் சீனர்களை முந்திக்கொண்டு இந்தியர்கள் இப்போது முதலிடத்தில் இருக்கிறார்கள். 2024-25 குளிர்கால செமஸ்டரில் அவர்கள் எண்ணிக்கை 59,000-ஐ ஒட்டி இருந்தது. இயந்திரவியல், வாகனத் தொழில்நுட்பம், மின்னணுவியல், கணினி அறிவியல் என்று முதுநிலைப் படிப்புக்குப் போகிறவர்களில் தமிழ்நாட்டுப் பொறியியல் பட்டதாரிகள் கணிசமானவர்கள். இவர்களை ஈர்ப்பது கட்டணமில்லாத படிப்பு. அது பெரும்பாலும் உண்மைதான். அரசுப் பல்கலைக்கழகங்களில் செமஸ்டருக்கு 100 முதல் 400 யூரோ வரையிலான பங்களிப்புத் தொகை கட்டினால் போதும். விதிவிலக்குகளும் உண்டு. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஹைடல்பெர்க் ஆகிய ஊர்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து புதிதாகச் சேரும் அத்தகைய மாணவர்களிடம், படிப்பைப் பொறுத்து, செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை வசூலிக்கிறது. மற்ற பெரும்பாலான இடங்களில் வகுப்பறைக்குள் நுழையக் காசு வேண்டாம். ஊருக்குள் வாழத்தான் காசு வேண்டும்.

எவ்வளவு வேண்டும் என்பதை ஜெர்மன் அரசே ஒரு கணக்காகச் சொல்லியிருக்கிறது. விசாவுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் ‘பிளாக்டு அக்கவுன்ட்’ என்ற முடக்கப்பட்ட கணக்கில் ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே ஏறக்குறைய 12 லட்சம். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டும் எடுக்கலாம். இந்த 992 நாடு முழுவதற்கும் ஒரே எண். வாடகை அப்படியில்லை. மியூனிக்கில் பகிர்ந்து குடியிருக்கும் வீட்டில் ஓர் அறைக்கு 800 யூரோ அளவில் கேட்கிறார்கள். கிழக்கே சாக்சனி மாநிலத்தில் இருக்கும் கெம்னிட்ஸில் அதே மாதிரி அறை 300 யூரோவை ஒட்டிக் கிடைக்கும். கட்டாய மருத்துவக் காப்பீடு இரண்டு ஊரிலும் மாதம் 140 யூரோவுக்கு மேல். வாடகையும் காப்பீடும் போக மியூனிக் மாணவரின் கையில் ஏறக்குறைய 50 யூரோ நிற்கும், கெம்னிட்ஸ் மாணவரின் கையில் 550. சாப்பாடு, பஸ், போன், குளிருக்கு ஒரு நல்ல ஜாக்கெட் எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும். பல்கலைக்கழகக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லாத இரண்டு ஊர்களை எடுத்தாலும் மாதத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரை வித்தியாசம் வரக்கூடும். தரவரிசைப் பட்டியலில் இந்த எண்ணைப் பார்க்க முடியாது.

பணத்தோடு இது நின்றுவிட்டால் கூடுதலாகக் கடன் வாங்கிச் சமாளிக்கலாம். அறை என்பது அங்கே சட்டப்படியான அடையாளமும்கூட. ஜெர்மனியில் ஒரு வீட்டுக்குக் குடிபோனால் இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் நிர்வாக அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். மாணவர்கள் எல்லோரும் ‘ஆன்மெல்டுங்’ என்றே சொல்லும் பதிவு இது. இதற்கு வீட்டு உரிமையாளரோ, அறையை உள்வாடகைக்கு விட்டவரோ ‘இவர் இங்கே குடியேறியிருக்கிறார்’ என்று கையெழுத்திட்டுத் தரும் தாள் தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. இந்தப் பதிவு நடந்தால்தான் வரி எண் தபாலில் வரும். வரி எண்ணைத் தராவிட்டால் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் மிக உயர்ந்த பிரிவில் வரி பிடிக்க நேரும். பல வங்கிகள் பதிவுச் சான்றைப் பார்க்காமல் கணக்குத் திறப்பதில்லை. வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் முடக்கப்பட்ட கணக்கிலிருந்து மாதப் பணம் வந்து விழ இடமில்லை. நுழைவு விசா முடிவதற்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த அலுவலகத்தில் என்பதையும் பதிந்த முகவரியே முடிவு செய்கிறது. ஊர் எல்லை தாண்டி வீடு மாறினால் கோப்பும் வேறு அலுவலகத்துக்கு மாறும், காத்திருப்பு நீளும். நண்பரின் அறையில் தரையில் படுத்துக்கொண்டு வீடு தேடும் மாணவருக்கு இவற்றில் எதுவும் நகராது.

இதன் மிகச் சிறிய வடிவத்தை வீட்டு வாசலில் இருக்கும் தபால் பெட்டியில் பார்க்கலாம். நம் ஊரில் கதவு எண்ணும் மாடியும் தெரிந்தால் தபால்காரர் வந்துவிடுவார். ஜெர்மன் அடுக்குமாடிகளில் வீட்டுக்குத் தனி எண் போடும் வழக்கம் அரிது. கீழ்த்தளத்தில் வரிசையாகத் தகரப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு சீட்டில் குடியிருப்பவரின் பெயர் இருக்கும். அழைப்பு மணிக்குப் பக்கத்திலும் அதே பெயர் இருக்கும். தெருவும் கட்டட எண்ணும் சரியாக இருந்தும் பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை ஓர் உறையில் வரும், அதன் ரகசிய எண் சில நாள் கழித்து இன்னோர் உறையில் வரும். காப்பீட்டு அட்டை, வரி எண், அனுமதி அலுவலகத்தின் அழைப்பு எல்லாமே தாளாகத்தான் வரும். உரிமையாளருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு இருக்கும் மாணவரின் பெயரைப் பெட்டியில் ஒட்ட விடமாட்டார்கள். அவர் வாடகை கொடுத்தும் அந்த ஊரின் கணக்கில் இல்லாதவராகவே இருப்பார். இந்தத் தவிப்பை வைத்து வியாபாரமும் நடக்கிறது. குடியிருக்காத முகவரியில் பதிந்து தருகிறேன் என்று காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி முகவரி தருவது சட்டவிரோதம், அபராதம் 50,000 யூரோ வரை போகலாம். பதிந்துகொண்ட மாணவரும் மாட்டிக்கொள்வார், வெளிநாட்டவர் என்பதால் அவர் இழப்பதற்கு அதிகம் இருக்கிறது.

அறை பிடிப்பதும் நாம் பழகிய முறையில் நடப்பதில்லை. மாணவர்களில் பெரும்பாலோர் தேடுவது ‘வேகே’ எனப்படும் பகிர்வு வீட்டை. ஆளுக்கொரு அறை இருக்கும், சமையலறையும் குளியலறையும் பொது. ஓர் அறை காலியானால் விளம்பரம் போட்டு, வந்தவர்களில் யாரைச் சேர்ப்பது என்பதை அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களே முடிவு செய்வார்கள். காபி கொடுத்து உட்கார வைத்து என்ன படிக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழுவீர்கள், சமைப்பீர்களா, நண்பர்கள் அடிக்கடி வருவார்களா என்று கேட்பார்கள். பெரிய நகரங்களில் ஓர் அறைக்கு நூற்றுக்கும் மேல் விண்ணப்பங்கள் குவியும். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ விசாவுக்காகக் காத்துக்கொண்டு ஆங்கிலத்தில் செய்தி அனுப்புகிறவர் அந்த வரிசையில் கடைசியில் நிற்பார். மோசடிக்காரர்கள் வலை விரிப்பதும் இவரைக் குறிவைத்தே. ‘நான் வேலை விஷயமாக வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவி பார்சலில் வரும்’ என்ற கதை பழையதுதான், ஆனாலும் ஒவ்வோர் அக்டோபரிலும் யாராவது அதில் விழுகிறார்கள். உண்மையான உரிமையாளரும் முன்பணம் கேட்பார். அதற்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது: மின்சாரம், வெப்பமூட்டல் சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. கடன் வாங்கிப் போகும் பிள்ளைக்கு முதல் மாதத்தில் இந்தத் தவணை பெரிய உதவி. புறப்படும் முன் தெரிந்திருந்தால்தான் கேட்டு வாங்க முடியும்.

அறை கிடைத்த பிறகு தொடங்குவதுதான் உண்மையான அன்றாடம். குளிர்பதனப் பெட்டியில் ஆளுக்கொரு தட்டு. சமையலறைச் சுவரில் இந்த வாரம் யார் தரை துடைப்பது, யார் குப்பை எடுப்பது என்ற முறை அட்டவணை. காகிதம், பிளாஸ்டிக், காய்கறிக் கழிவு, மற்றவை என்று குப்பை தனித்தனியாகப் பிரியும். கண்ணாடி பாட்டில்கள் தெருமுனைத் தொட்டிக்குப் போகும், முன்பணம் வாங்கிய தண்ணீர் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 25 சென்ட் வரை கிடைக்கும். குளிர்காலத்தில் ஜன்னலை இறுக மூடி வைத்துச் சமைத்தால் சுவரில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும், அதற்கு வாடகைதாரர் பதில் சொல்ல வேண்டி வரும். அதனால் வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் நாளில் இரண்டு மூன்று முறை ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம் காற்று மாற்றுவார்கள். வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளிக்கும் வாசனை நமக்குப் பசியைக் கிளப்பும், மூடிய வீட்டில் அடுத்த அறைக்காரரின் கம்பளிக் கோட்டில் அது ஒரு வாரம் தங்கும். இரவு பத்து மணிக்கு மேல் மிக்ஸி ஓட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை மாலைக்குள் பாலும் காய்கறியும் வாங்கி வைக்க வேண்டும், மறந்தால் பெரிய ரயில் நிலையத்துக் கடைதான் கதி. இவற்றில் எதுவும் தாங்க முடியாத கஷ்டம் இல்லை. ஒரே வீட்டில் ஆறு மாதம் இருந்தால் எல்லாம் கைக்குப் பழகிவிடும், பக்கத்து அறை மாணவரோடு பேசிப் பேசியே ஜெர்மன் மொழியும் கொஞ்சம் நாக்கில் ஏறும். மாதத்துக்கு ஒரு தற்காலிக அறை மாறுகிறவருக்கு ஒவ்வொரு வீட்டின் முறையையும் முதலிலிருந்து கற்கவே நேரம் போய்விடும்.

‘முதல் இரண்டு மாதம் எல்லோரும் படுகிற பாடுதானே, பிறகு சரியாகிவிடும்’ என்று சொல்வார்கள். பலருக்குச் சரியாகிறது என்பதும் நிஜம். ஆனால் அந்த இரண்டு மாதம் எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். குளிர்கால செமஸ்டரின் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும், உடனே தேர்வு. விசா தாமதத்தால் நவம்பரில் வந்து இறங்கி, டிசம்பர் வரை வீடு தேடுகிறவருக்குப் படிக்கக் கிடைப்பது ஜனவரி மட்டும். அங்கே தினசரி வருகைப் பதிவும் உள்மதிப்பீடும் பல பாடங்களில் இல்லை, கடைசியில் எழுதும் ஒரே தேர்வில் எல்லாம் அடங்கிவிடும். ஒரே பாடத்தில் மூன்று முறை தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கும் விதி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. முதல் செமஸ்டரில் ஒரு வாய்ப்பை வீட்டுத் தேடலுக்குப் பலி கொடுத்தவர் மீதிப் படிப்பை அந்த அழுத்தத்தோடு கடக்கிறார். ஒரு செமஸ்டர் நீண்டால் ஆறு மாத வாடகை கூடும், ஊரில் கல்விக் கடன் வட்டியும் ஏறும். ஆகவே இந்த இரண்டு மாதத்தைப் பழக்கமாகும் காலம் என்று எளிதாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. பெரிய நகரத்தில் வாடகை அதிகம்தான், ஆனால் வேலையும் அங்கேதானே இருக்கிறது என்பார்கள். மியூனிக்கிலும் ஸ்டுட்கார்ட்டிலும் கார் நிறுவனங்கள், பெர்லினில் கணினித் தொழில். உண்மை. நல்ல ஜெர்மன் மொழியோடும் இரண்டு மூன்று ஆண்டு வேலை அனுபவத்தோடும் போகிறவர் அங்கே படிப்போடு சேர்ந்த வேலை பிடித்து வாடகையையும் சமாளித்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு என் வாதம் பொருந்தாமல் போகலாம். பெரும்பாலோர் அந்த நிலையில் போவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் வேலை செய்யலாம் என்பது 2024 மார்ச் முதல் உள்ள விதி, அதற்கு முன் 120 நாளாக இருந்தது. மொழி தெரியாமல் முதல் ஆண்டில் கிடைப்பது கிடங்கிலும் உணவு விநியோகத்திலும் உணவக அடுப்படியிலும் செய்யும் வேலை. வாடகைக்காக அந்த வேலை, வேலைக்காக விட்டுப்போன வகுப்பு என்று போனால் எந்த நிறுவனத்தை நம்பிப் பெரிய நகரத்துக்கு வந்தாரோ அதற்கு வேண்டிய மதிப்பெண்ணும் மொழியும் கைவிட்டுப் போகும். சிறிய ஊர்ப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியரின் ஆய்வுக் குழுவில் உதவியாளராகச் சேரும் ‘ஹிவி’ வேலை உண்டு. பல்கலைக்கழகத்துக்குள் செய்யும் இந்த மாணவர் வேலை அந்த 140 நாள் கணக்கில் சேராது, படிப்போடும் ஒட்டியது. பட்டம் வாங்கிய பிறகு வேலை தேட 18 மாதம் வரை அனுமதி கிடைக்கிறது. பெரிய நகரத்துக்கு அப்போது போகலாம்.

சிறிய ஊர் என்றதும், குறிப்பாகக் கிழக்கு ஜெர்மனி என்றதும், இன்னொரு பயம் எழுகிறது. அதை மழுப்பக் கூடாது. வாடகை அங்கே குறைவாக இருப்பதற்கே ஒரு வரலாறு உண்டு. 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு கிழக்கின் ஆலைகள் மூடப்பட்டன, இளைஞர்கள் மேற்கே போனார்கள், வீடுகள் காலியாக நின்றன. கம்யூனிச ஆட்சியில் கார்ல் மார்க்ஸ் நகர் என்று பெயர் கொண்டிருந்த கெம்னிட்ஸ் அப்படிச் சுருங்கிய ஊர். கிழக்கிலேயே இருக்கும் மாக்டபுர்க், இல்மெனாவ் பக்கமும் அதே பொருளாதாரம்தான். அந்தக் கசப்பு அரசியலிலும் தெரிகிறது: 2024 செப்டம்பரில் இல்மெனாவ் இருக்கும் துரிங்கியா மாநிலத் தேர்தலில் குடியேற்றத்தை எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சி மூன்றில் ஒரு பங்கு வாக்கை ஒட்டிப் பெற்று முதலிடம் பிடித்தது. நிறத்தை வைத்து வசை கேட்க நேர்ந்த மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாணவியோ மாணவரோ இதை எண்ணி அந்த ஊரை வேண்டாம் என்றால் அவரைக் குறை சொல்ல முடியாது. அதே கெம்னிட்ஸ், மாக்டபுர்க் பல்கலைக்கழகங்களில் இந்திய மாணவர்கள் பெரும் கூட்டமாகப் படிக்கிறார்கள் என்பதும், தனியாக மாட்டிக்கொள்ளும் நிலை அங்கே குறைவு என்பதும் சேர்த்து எண்ண வேண்டியவை. மேலும் தேர்வு மியூனிக்கா கெம்னிட்ஸா என்ற இரண்டுக்குள் முடிந்துவிடுவதில்லை. மேற்கிலும் சீகன், கைசர்ஸ்லாவ்டர்ன், பாடர்போர்ன் என்று தொழில்நுட்பப் படிப்புக்குப் பெயர் பெற்ற, பெருநகரங்களைவிட வாடகை தணிந்த ஊர்கள் இருக்கின்றன. நம் ஊரில் அவற்றின் பெயர் தெரியாது என்பதே அவற்றை ஒதுக்கக் காரணமாகிவிடுகிறது.

பல்கலைக்கழகமே இடம் தர வேண்டாமா என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இங்கே பொறியியல் கல்லூரி என்றால் விடுதி, வார்டன், மெஸ் எல்லாம் சேர்ந்தே வரும். ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு பாடத்தோடு முடிகிறது. விடுதியையும் மென்சா என்ற மாணவர் உணவகத்தையும் நடத்துவது ‘ஸ்டுடியெரெண்டென்வெர்க்’ என்ற தனி அமைப்பு. விடுதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், சேர்க்கை கிடைத்ததும் அறை தானாக வராது. நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இந்த விடுதிகளில் இடமில்லை. 2023-இல் மத்திய அரசு இளைஞர் குடியிருப்புக்காக 50 கோடி யூரோவில் ஒரு திட்டம் தொடங்கியது, கட்டடம் எழும்ப ஆண்டுகள் ஆகும். வெளிநாட்டு மாணவர்களை வாருங்கள் என்று அழைக்கும் நாடு அவர்கள் தலைக்கு மேல் கூரையையும் யோசித்திருக்க வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். அதை எதிர்பார்த்து இந்த ஆண்டு போகும் பிள்ளையை அனுப்ப முடியாதே.

எனவே ஆலோசனை மையத்தில் உட்காரும்போது, சேர்க்கை வாங்கித் தருவீர்களா என்பதோடு அந்த ஊரில் விடுதிக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், வெளியே அறை வாடகை என்ன என்றும் கேளுங்கள். பதில் தெரியாத ஆலோசகர் பாதி வேலைதான் செய்கிறார். விடுதி விண்ணப்பத்தை விசா வரும்வரை வைத்திருக்க வேண்டாம். சில ஊர்களில் சேர்க்கைக் கடிதம் வருவதற்கு முன்பே பெயரைப் பதியவிடுகிறார்கள், மற்ற இடங்களில் கடிதம் வந்த அன்றே அனுப்பலாம். தற்காலிக அறை எடுத்தால் பணம் அனுப்பும் முன் ‘முகவரியைப் பதியத் தாள் தருவீர்களா’ என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஏப்ரலில் தொடங்கும் கோடைக்கால செமஸ்டரிலும் சேர்க்கை தரும் படிப்புகள் இருக்கின்றன. அக்டோபரில் வந்து குவியும் புதிய மாணவர் கூட்டம் அப்போது இருக்காது, படிப்பை முடித்துக் கிளம்புகிறவர்களின் அறைகளும் காலியாகும். விரும்பிய படிப்புக்கு ஏப்ரல் சேர்க்கை இருந்தால் ஆறு மாதம் பொறுத்துப் போவது பெரிய நகரத்தில்கூட வாடகைக்கு ஓர் அறை பிடிக்க வழி செய்யும், காத்திருக்கும் அந்த ஆறு மாதத்தில் ஊரிலேயே ஜெர்மன் மொழியின் முதல் இரண்டு நிலைகளையும் முடித்துவிடலாம்.